அரைச் சுரம் கீழே

குணவதி கனடாவில், மார்க்கம் நகரத்தில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். சைவ சமயத்தவள். அவளை ஸ்காபரோவிலுள்ள ஒரு மாதா கோயில் பாடற்குழுவில் கொண்டுபோய்ச் சேர்த்தது கூட வேலை செய்யும் மக்டலீன். பஸ்ஸைக் கழுவும்போது குணவதி முணுமுணுத்த பாட்டைக் கேட்டுவிட்டு, "உந்தக் குரலை டீசல் புகைக்குள்ளயே வைச்சிருக்கப் போறியோ?" என்று இழுத்துவந்தாள்.

"முருகன் கோயிலில ஒரு தேவாரம் பாடச் சொன்னால் தொண்டை நோ. இஞ்ச லத்தீன் தண்ணியாய் ஓடுது" என்று கணவர் சண்முகநாதன் பகிடி பண்ணினார்.

குழு பாடுவது அறுநூறு வருடத்துப் பழைய லத்தீன் கிறிஸ்மஸ் பாட்டுகள். வாத்தியம் கிடையாது. பல்லவியை எல்லாரும் பாட, இடையிடையே சரணங்கள் வரும். இந்த வருடம் நாலாம் சரணத்தைத் தனியே பாடும் முறை குணவதிக்கு. குழுவில் சேர்ந்த ஐந்து வருடத்தில் முதல் தடவை.

பிரச்சினை சுருதியில் வந்தது. துணை வாத்தியம் இல்லாத குழு மெல்ல மெல்லக் கீழே இறங்கும். சேர்ந்து இறங்குவதால் ஒருவருக்கும் தெரியாது. சுருதிப்பெட்டியோடு பாடிப் பழகிய குணவதிக்குத் தெரியும். அவள் இறங்கவில்லை. ஒத்திகையில் அவள் குரல் மட்டும் மேலே நின்று உரசியது.

குழுவை நடத்தும் மரியோ கையை உயர்த்தி நிறுத்தினான். பல்கலைக்கழகத்தில் இசை படித்தவன், முப்பது வயது.

"அக்கா, எல்லாரும் விழேக்க நீங்களும் விழவேணும். அதுதான் குவயர்."

"எல்லாரும் விழுந்தால் தூக்கிறது ஆர், தம்பி?"

யாரோ சிரித்தார்கள். மரியோ சிரிக்கவில்லை. "இன்னொருக்கா தனிய நிண்டியளெண்டால் நாலாம் சரணம் மக்டலீனுக்கு."

அதன்பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு அவளும் இறங்கினாள்.

கச்சேரி ஞாயிறு பின்னேரம். கோயில் நிறைந்திருந்தது. நாலாம் சரணத்துக்குப் பின்வரும் கடைசிப் பல்லவிக்கு மட்டும் கோயிலின் ஓர்கன் வாத்தியம் சேரும். ஒத்திகையெல்லாம் கீழ் மண்டபத்தில் நடந்ததால், ஓர்கனோடு ஒருநாளும் பாடிப் பார்க்கவில்லை.

மூன்றாம் சரணமும் பல்லவியும் முடிந்தபோது குணவதிக்கு விளங்கிவிட்டது. குழு அரைச் சுரம் கீழே போயிருந்தது. ஓர்கன் இறங்கி வராது. அவளுடைய சரணம் முடிந்ததும் அது முழங்கும். இருநூறு பேருக்கு முன்னால் பாட்டு இரண்டாகப் பிளக்கும். ஒரேயடியாக ஏறினாலோ, பிழை அவளுடையதாகத்தான் கேட்கும்.

மரியோ அவளைப் பார்த்து உள்ளங்கையைக் கீழே அமர்த்திக் காட்டினான். அங்கேயே நில்.

குழு விட்ட இடத்திலேயே தொடங்கினாள். பிறகு, ஐஸ் படிந்த மேட்டில் பிள்ளைகளோடு பஸ்ஸை ஏற்றுவதுபோல, குலுக்காமல், வரிக்கு வரி மயிரிழை மயிரிழையாக ஏறினாள். மரியோவின் கை மறுபடியும் அமர்ந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கடைசிச் சுரத்தை மூச்சு முடியும்வரை பிடித்தாள்.

ஓர்கன் முழங்கியது. எதுவும் பிளக்கவில்லை. குழு அதன்மேல் ஏறிப் பாடியது.

கச்சேரி முடிந்ததும், ஜக்கெற்றுகள் தொங்கிய அறைக்கு மரியோ வந்தான்.

"நான் கீழ நிக்கச் சொல்லித்தானே கை காட்டினனான்?"

"கண்டனான்."

அவன் கையிலிருந்த தாள்களை அடுக்கினான், திரும்பவும் அடுக்கினான். "ஓர்கன் வாறதை நான் யோசிக்கவே இல்லை, அக்கா. ஜனவரியில நடுவில வந்து நில்லுங்கோ. எல்லாருக்கும் கேக்கிற இடத்தில."

குணவதியின் ஜக்கெற் சிப்பை மக்டலீன் மேலே இழுத்து மூடிவிட்டாள். "நாலாம் சரணம் எனக்கு வருமெண்டு பாத்தனடி" என்றாள்.