கல்லில் கருப்பு வரி

குஜிலியம்பாறையில் பஸ்ஸுக்காக நிற்கிறேன். கடலைக்காட்டிலிருந்து வந்த ஒருவர் என் சாக்கைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறார்.

"குகைச் சாமியத்தானே தூக்கிட்டுப் போறீக?"

ஆராய்ச்சிக்காகக் குகையில் அறுத்தெடுத்த சுண்ணாம்புக் கல்லை வெளியே எடுக்கிறேன். நீர் சொட்டிச் சொட்டி வளர்ந்த கல் இது, வரிகளைப் பார்த்தால் பழைய மழைக்காலங்கள் தெரியும் என்கிறேன். அவர் நம்பவில்லை. கருப்பு வரிகளில் விரல் வைக்கிறார்.

"இது என்னவாம்?"

"வெள்ளத்துல வந்த சேறு."

"சேறா? மழை பொய்ச்ச வருசமெல்லாம் உள்ளாற பந்தங் கொளுத்திக் கும்புடுவோம். அந்தப் புகைதான் இது."

சாக்கிலிருந்து அவர் இன்னும் கையெடுக்கவில்லை. நான் நோட்டைப் பிரிக்கிறேன். நேற்று அதில் வரைந்துவைத்த கருப்பு வரிகளுக்கு நேராக மசியில் எழுதியிருக்கிறேன்: 'நல்ல மழை.'