பெர்ட்டி நட்ட சிவப்புக் கொடி

எங்கள் மொன்டானா மலையில் பனி எங்கே சரியும் என்று பார்த்துச் சொல்லும் வேலை பெர்ட்டி லிண்ட்குவிஸ்டுடையது. பனிவண்டியில் ஆளில்லாத சரிவுகளுக்குப் போவாள், ஆளுயரக் குழி வெட்டுவாள், எந்த அடுக்கு எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பார்ப்பாள், மறுநாள் காலை ரேடியோவில் சொல்வாள். தனியாகப் போகக் கூடாது என்பதால் வண்டி மெக்கானிக்கான நானும் கூடப் போவேன். பனி அவளுக்கு அலுத்ததே இல்லை. மனிதர்கள்தான் குமட்டினார்கள். அதிலும், யார் தடம் அதிக உயரம் போகிறது என்று செங்குத்துச் சரிவில் பந்தயம் கட்டிப் பனிவண்டியில் ஏறும் வாரக்கடைசிக் கூட்டம். பெட்ரோல் நாற்றம், பீர் டப்பா, ஊளை. சீ!

அந்த வெள்ளிக்கிழமை ஹென்றி முதுகு என்கிற சரிவில் பாதி உயரம் ஏறிக் குழி வெட்டினோம். அடியில் சீனி. சீனி மாதிரி ஒட்டாமல் உதிரும் பழைய பனியை அப்படித்தான் சொல்வோம். மேலே புதுப்பனி கனத்து உட்கார்ந்திருந்தது. பெர்ட்டி மண்வெட்டியால் லேசாகத் தட்டினாள், மேல் பாளம் அப்படியே நழுவி விழுந்தது.

"வண்டிய திருப்பு நோலன். பேசாம எறங்கு."

மறுநாள் ரேடியோவில், "ஹென்றி முதுகுப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்காதீங்க" என்றாள்.

அன்று மதியம் எதிர்மேட்டிலிருந்து பார்க்கிறோம், மூன்று பேர் எங்கள் தடத்திலேயே ஏறிப்போய், எங்கள் குழியிலிருந்து இன்னும் மேலே வண்டியை விரட்டுகிறார்கள். சரிவு மொத்தமும் கழன்று வந்தது. ஒருவன் பனிக்குள் புதைந்துபோனான். ஓடிப்போய்த் தேடும் கருவியால் இடம் கண்டு தோண்டி எடுத்தோம். கோல்பி என்று பெயர். முகம் நீலம். மூச்சு வந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "என் வண்டி எங்க?" கூட்டாளி இன்னும் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

"ரேடியோ கேக்கலையாடா?" என்று கத்தினாள் பெர்ட்டி.

"கேட்டோம் மேடம்," என்றான் கூட்டாளி. "ஆனா உங்க தடம் மேல போயிருந்துச்சே! நீங்களே ஏறியிருக்கீங்கன்னா பயமில்லன்னு நெனச்சோம்."

"அது பயந்து திரும்புன தடம்டா!"

வழியெல்லாம் துப்பிக்கொண்டே வந்தாள். "நானே ரோடு போட்டுக் குடுத்திருக்கேன் நோலன். நாளைக்கு ஒருத்தன் என் தடத்துல செத்தான்னா நான் எப்படித் தூங்குவேன்?"

அடுத்த வாரம் பக்கத்துச் சரிவில், நாங்கள் திரும்பிய இடத்தில், சிவப்புக் கொடி ஒன்றை நட்டாள். இதற்கு மேல் ஒருத்தரும் போகாதீர்கள் என்று ரேடியோவிலும் சொன்னாள்.

ஞாயிறு மாலை பாரில் பர்கரும் காப்பியுமாக உட்கார்ந்திருந்தோம். கோல்பி உள்ளே வந்தான். கன்னத்தில் காயம் ஆறவில்லை. கழுத்தில் அந்தச் சிவப்புக் கொடி.

"மேடம், உங்க ஐடியா சூப்பர்! எல்லாரும் கொடிக்கு மேலதான் பந்தயம் வச்சோம். யார் ஜெயிச்சா தெரியுமா?"

பார் கைதட்டியது. "பெர்ட்டிக்கு ஒரு பீர், என் கணக்குல!" என்றான் அவன்.

பீர் மேஜைக்கு வந்ததும் பெர்ட்டி எழுந்து வெளியே போய்ப் பனியில் வாந்தி எடுத்தாள்.

"பாவம், பீர் ஒத்துக்கல போல" என்றான் ஒருவன். மேஜையில் அவள் தொடாத பீர் நுரை அடங்காமல் அப்படியே இருந்தது.