பிறந்த குகையில் மூன்று நாட்கள்

மாத்தேராவுக்குப் போங்கள் என்று அந்த மனிதரிடம் சொன்னது நான். மகள் கெஞ்சிப் பார்த்தாள், மருமகன் சொல்லிப் பார்த்தான், அவர் அசையவில்லை. நான் சொன்ன பிறகுதான் சரி என்றார்.

கனடாவில், ஸ்காபரோவில் வீடு வீடாகப் போய் வயதானவர்களைப் பராமரிப்பது என் வேலை. அவரிடம் இரண்டரை வருடம் போனேன். எண்பதைத் தாண்டிய இத்தாலியர். மனைவி இறந்துவிட்டார். வாழ்நாள் முழுக்கச் சீமெந்து வேலை செய்து முழங்கால்கள் இரண்டும் போய்விட்டன. காலையில் போய்க் குளிக்க வார்த்து, உடுப்பு மாற்றி, கோப்பி போட்டுக் கொடுப்பேன். இருவருக்கும் அரைகுறை ஆங்கிலம்தான். அதனால் அவசரப்படாமல் கதைத்தோம்.

அவருடைய ஊரான மாத்தேரா தெற்கு இத்தாலியில், ஒரு பள்ளத்தாக்கின் சரிவில் இருக்கிறது. சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து, ஆயிரக்கணக்கான வருடங்களாக மனிதர்கள் குடியிருந்த ஊர். ஒரு வீட்டின் கூரை மேல்வீட்டுக்காரருக்கு நடைபாதை. மழைநீர் வழிந்து சேர்வதற்குப் பாறைக்குள்ளேயே தொட்டிகள். சுவர்களில் புனிதர்களின் முகங்கள் தீட்டிய குகைத் தேவாலயங்கள். இவை எல்லாவற்றையும் நான் பிறகு தொலைபேசியில் தேடித்தான் அறிந்தேன். அவர் சொன்னது கோவேறு கழுதையைப் பற்றி. தாய் தகப்பன், ஆறு பிள்ளைகள், கோழிகள், கழுதை, எல்லாம் ஒரே குகையில். குளிர்காலத்தில் கழுதையின் உடம்புச் சூடு இல்லாவிட்டால் பிள்ளைகள் விறைத்துப் போயிருப்பார்களாம்.

கடைசித் தங்கை ஒன்பது மாதத்தில் காய்ச்சலில் இறந்தாள். கழுதை கட்டும் மூலையில் பாறையைக் குடைந்து ஒரு தொட்டி இருந்தது, வைக்கோல் போடுவதற்கு. அதைக் கழுவித் துடைத்து, குழந்தையை அடக்கம் செய்யும்வரை தாய் அதற்குள்தான் கிடத்தியிருந்தாள். இதை அவர் தன் மனைவிக்கும் சொல்லவில்லை, மகளுக்கும் சொல்லவில்லை. எனக்கு ஏன் சொன்னார் என்று தெரியாது.

அவருக்குப் பத்து வயதானபோது, மனிதர் இப்படி வாழ்வது நாட்டுக்கே வெட்கம் என்று அரசாங்கம் அந்தச் சனங்களை எழுப்பிப் புதிய வீடுகளுக்கு அனுப்பியது. குகையின் வாசலைக் கல் வைத்து அடைத்தார்கள். வெட்கம் என்று அவர்கள் சொன்னது பாறையை அல்ல, எங்களைத்தான் என்றார் ஒருநாள்.

இன்று அதே குகைகள் உலகத்தின் மரபுச் சொத்து. உல்லாசப் பயணிகள் போய்த் தங்குகிறார்கள். மகள் பழைய பத்திரங்களைத் தேடி, தகப்பன் பிறந்த குகை எது என்று கண்டுபிடித்துவிட்டாள். அது ஒரு விடுதியின் அறையாகியிருந்தது. மூன்று நாட்களுக்குப் பதிவு செய்துவிட்டு வந்து சொன்னாள். நல்ல பிள்ளை. அவளில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

போகவா, விடவா என்று ஒரு காலை அவர் என்னைக் கேட்டார். நான் அவருக்குச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தேன். இலங்கையில் எங்கள் ஊரை இராணுவம் பிடித்து வைத்திருந்து, பிறகு விட்டது. விட்ட பிறகும் நான் போகவில்லை. அந்தக் குறை எனக்குள் கிடந்தது. அதனால்தான் யோசிக்காமல் சொன்னேன், போகக் கிடைப்பவர்கள் போக வேண்டும் என்று. அவர் என் தலையைத் தொட்டு, சரி என்றார்.

திரும்பி வந்த பிறகு குளிக்க மறுத்தார். முதல் நாள் களைப்பு என்று நினைத்தேன். மூன்றாம் நாளும் குளியலறை வாசலில் நின்றுகொண்டு, உள்ளே வரமாட்டேன் என்றார். கட்டிலில் இருத்தி, துணியை நனைத்துத் துடைத்துவிட்டேன். அப்போதுதான் சொன்னார். வைக்கோல் தொட்டியை அகலப்படுத்தி, அடியில் விளக்குப் போட்டு, குளிக்கும் தொட்டியாக்கி வைத்திருக்கிறார்கள். சுற்றிவர மெழுகுதிரிகள். அவர் அங்கேதான் பிறந்தவர் என்று கேள்விப்பட்டதும் விடுதிப் பெண் கைதட்டி, வைன் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். மகள் அந்தத் தொட்டிக்குள் கால்களை வைத்துக்கொண்டு, அப்பா, இது சொர்க்கம் என்றாளாம்.

“நான் சிரித்தேன். வேறு என்ன செய்வது? அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள்” என்றார்.

அதன் பிறகு அவர் அந்த ஊரைப் பற்றிக் கதைக்கவில்லை. கோப்பியைப் பாதியில் வைத்தார், பிறகு தொடாமலே வைத்தார். மகள் டொக்டர்களிடம் கொண்டு திரிந்தாள். வயது என்றார்கள். மாசியில் சளிக்காய்ச்சல் நெஞ்சுக்குள் இறங்கியது. வைத்தியசாலையில் ஆறு நாள் இருந்தார். நான் போனபோது என்னை அடையாளம் தெரிந்தது, ஆனால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

செத்தவீட்டில் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பயணத்தைப் பற்றி அப்பா ஏதாவது சொன்னாரா என்று கேட்டாள். நல்லாயிருந்தது என்று சொன்னார் என்றேன். அவள் அழுதாள். நிம்மதியில் அழுதாள் என்றுதான் நினைக்கிறேன். அந்தப் பொய்யும் என்னோடுதான் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து என் மனிசனிடம் சொன்னேன். “போகச் சொன்னது நான்தானேயப்பா. நான் சொல்லாட்டில் அவர் போயிருக்கமாட்டார்.”

“அவங்கள் தொட்டியை உப்பிடி மாத்தி வைச்சிருப்பாங்கள் எண்டு உமக்கு முன்னமே தெரியுமே?” என்றார் அவர்.

“குழந்தை கிடந்த இடம் எனக்குத் தெரியும். மகளுக்குத்தான் தெரியாது.”

அவர் எழும்பிப் போய்த் தேத்தண்ணிக்குக் கேத்தலை வைத்தார்.

இப்போது விட்பியில் ஒரு வயதான பெண்ணிடம் போகிறேன். காலையில் பஸ் இரண்டு மாறவேண்டும். அவர் தன் ஊரைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் நான் எழும்பிப் போய்ப் பாத்திரம் கழுவுகிறேன்.