பூர்வீகம்: கேரம் பவுடர்

சவரியப்பனின் கடையில் முந்நூற்று நாற்பத்தொரு டப்பாக்கள் இருக்கின்றன. எண்ணியது அவர் மகள் ஜாஸ்பின் என்பதால் எண்ணிக்கையில் சந்தேகம் வேண்டாம். அவள் திருச்சியில் ஓர் ஆன்லைன் சாமான் குடோனில் சூப்பர்வைசர். எண்ணுவதற்கே சம்பளம் வாங்குகிறவள்.

கடை அன்னவாசல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்தில். போர்டு கிடையாது. ஃபேன், தண்ணி மோட்டார், தையல் மெஷின், அயர்ன் பாக்ஸ், சுவிட்ச் எதுவானாலும் கொண்டுபோகலாம். சவரியப்பன் அதைப் பிரிப்பார். பிரித்ததை டப்பாவில் போடுவார். பிறகு டீ குடிக்கப் போவார். முதலாவதையும் மூன்றாவதையும் ஊரில் எல்லா மெக்கானிக்கும் செய்கிறார்கள். இரண்டாவதுதான் ஆராய்ச்சிக்கு உரியது.

ஏனென்றால் அந்த டப்பாக்களில் ஒன்றைக்கூட அவர் டப்பா என்று கேட்டு வாங்கியதில்லை. எல்லாம் அவருடைய பொழுதுபோக்குகள் விட்டுப்போன வாரிசுகள்.

மூத்த பொழுதுபோக்கு போட்டோ. கல்யாணமான புதிதில் ஒரு பிலிம் கேமரா வாங்கி, நார்த்தாமலை ஏறி, விஜயாலய சோழீச்சரத்தைப் பதினொரு படம் எடுத்தார். ஒன்பதில் கோயில் விழுந்தது. இரண்டில் அவர் கட்டைவிரல். அத்தோடு அந்தக் கலைக்கு அவர் விடைகொடுத்தார். ஆனால் பிலிம் ரோல் வருகிற கறுப்பு டப்பா, சாம்பல் மூடி போட்டது, கடையில் அறுபத்து மூன்று இருக்கிறது. பதினொரு படத்துக்கு அறுபத்து மூன்று டப்பா எப்படி என்று கேட்டால், "ஸ்டுடியோக்காரரு பழக்கமாயிட்டாருல்ல" என்பார். அதற்குமேல் விளக்கம் கிடையாது.

அடுத்தது மீன். ஆரஞ்சு நிறத்தில் எட்டு மீன், கண்ணாடித் தொட்டி, குமிழி விடும் மோட்டார். நாலே மாதத்தில் எட்டும் போய்ச் சேர்ந்தன. பட்டினியால் அல்ல. சந்தேகத்துக்கு இடம் தருவதே அதுதான். வேளைக்கு ஒரு பிடி தீனி கொட்டுவார். "ஏங்க, அது ரெண்டு விரக்கட மீனுங்க. நேர்ந்துவிட்ட கடா இல்ல" என்று மனைவி ஞானசெல்வி தலையில் அடித்துக்கொண்டதைத் தெருவே கேட்டது. மீன் தீர்வதற்குள் தீனி டப்பா நூறுக்குமேல் காலியாகியிருந்தது.

பிறகு துணியில் பெயின்ட். தலையணை உறையில் மூன்று ரோஜா வரைந்தார். பெயின்ட் பாட்டில் நாற்பது. கடைசியாகக் கேரம். இவர் பவுடர் போடுகிற போட்டில் ஸ்ட்ரைக்கர் யாருடைய தயவும் இல்லாமல் தானாகப் போய்க் குழியில் விழும். ஒரு சீசன் முழுக்க இவர் ஒரு ரெட் கூட எடுத்ததில்லை. பவுடர் டப்பா மட்டும் மாதம் ஏழு.

இதையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்துத்தான் எதிர் டீக்கடை சூசைராஜ் தன் கோட்பாட்டை நிறுவினார்: "கடையில சாமான் வைக்க எடம் பத்தலன்னா அண்ணன் ஒரு ஹாபி எடுப்பாரு." ஆதாரமும் வைத்திருந்தார். கேரம் போர்டு வந்த வாரமும் தையல் மெஷின் ரிப்பேர் ஆரம்பித்த வாரமும் ஒன்று. ஆட்டத்துக்காக டப்பாவா, டப்பாவுக்காக ஆட்டமா? பின்சந்து முழுக்க இந்தக் கேள்வி பல வருடமாக நிலுவையில் கிடந்தது. சம்பந்தப்பட்டவரிடம் நேரே கேட்டால் டீயை உறிஞ்சும் சத்தம்தான் பதிலாக வரும்.

இன்னொரு மர்மம், டப்பாக்களின் மேல் அவர் கையால் ஓர் எழுத்துகூட எழுதியதில்லை. பழைய லேபிள் அப்படியே இருக்கும். மீன் படம் போட்ட டப்பாவைத் திறந்தால் மோட்டார் வாஷர். ரோஸ் கலர் பாட்டிலைக் கவிழ்த்தால் அயர்ன் பாக்ஸ் ஸ்க்ரூ. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டால் வேண்டியது வரும். இது எப்படி என்று பொறுமையாகப் பார்த்தபோதுதான் புரிந்தது: மனுஷன் உறவுமுறை பார்த்துத்தான் குடிவைத்திருக்கிறார். மீனும் மோட்டாரும் தண்ணீரில் பிழைப்பவை. போட்டோவுக்கும் சுவிட்சுக்கும் வெளிச்சம் வேண்டும். ஆகவே சுவிட்ச் சாமான் பிலிம் டப்பாவில். துணிக்குப் பெயின்ட், துணிக்கு அயர்ன் பாக்ஸ். கேரமும் தையல் மெஷினும் வழுக்கி ஓடினால்தான் ஆட்டம். ஃபேன் சாமான் மட்டும் தரையில் சிதறிக் கிடக்கும்.

"ஃபேனுக்கு ஏண்ணே டப்பா இல்ல?" என்று சூசைராஜ் ஒருநாள் கேட்டார்.

"அதுக்கு இன்னும் ஒண்ணும் அமையலப்பா" என்றார் சவரியப்பன், வரன் பார்க்கிற தகப்பன் குரலில்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த சாம்ராஜ்யத்தில்தான் போன டிசம்பர் ஒன்றாம் தேதி சின்னப்பிள்ளை தன் தையல் மெஷினைக் கொண்டுவந்து இறக்கினாள். சின்னப்பிள்ளை தைத்துப் பிழைக்கிறவள். மெஷின் பழைய ஜப்பான் சரக்கு. சிங்கப்பூரிலிருந்து வீட்டுக்காரர் கொண்டுவந்தது. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். மெஷின் ஓடுகிறது. பங்குக் கோயிலின் கிறிஸ்துமஸ் நாடகத்துக்குப் பத்தொன்பது சம்மனசுகளுக்கு, அதாவது அட்டை றெக்கை கட்டி வானதூதர்களாக வரும் பத்தொன்பது குழந்தைகளுக்கு, வெள்ளைக் கவுன் தைக்கும் ஆர்டர் அவளுக்குக் கிடைத்திருந்தது. அந்த வருடத்தில் அவளுக்கு வந்த பெரிய ஆர்டர் அதுதான். அந்த நேரம் பார்த்து மெஷின் அடிநூலை முடிச்சு முடிச்சாகத் துப்பியது.

மறுநாள் சவரியப்பன் பிரித்தார். கோளாறு பாபின் கேஸில். அடிநூல் உருளையைப் பிடித்துக்கொள்ளும் இரும்புக் கிண்ணம் அது. அதன் விலாவில் ஒரு மெல்லிய தகடு, தகட்டை அமுக்க ஒரு ஸ்க்ரூ, பாதி அரிசி பருமன். தகட்டுக்கடியில் அழுக்கு. ஸ்க்ரூவைக் கழற்றி, எண்ணெய் விட்டு, கேரம் பவுடர் டப்பாவில் போட்டார். தகட்டை மண்ணெண்ணெயில் ஊறவைத்தார். அடுத்த நாள் டிசம்பர் மூன்று, சவேரியார் திருநாள், அவருடைய நாமத்திருநாள். ஆவூரில் சொந்தக்காரர் வீட்டில் விருந்து. காலையிலேயே கிளம்பிவிட்டார்.

லீவில் வந்திருந்த ஜாஸ்பின், அப்பா திருநாளுக்கு ஒரு பரிசு தருவதாக முடிவு செய்தாள். முந்நூற்று நாற்பத்தொரு டப்பாவின் லேபிளையும் சுடுதண்ணீரில் ஊறவைத்து உரித்தாள். சாமானை எல்லாம் கொட்டி, இனம் பிரித்து, அளவு பிரித்து, டப்பாக்களைக் கழுவித் துடைத்து, திரும்பப் போட்டு, அச்சடித்த ஸ்டிக்கர் ஒட்டினாள். சாயங்காலம் சவரியப்பன் வந்து பார்த்தபோது கடை ஒரு ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டர் மாதிரி மின்னியது. நடுவில் ஒரு பெரிய பாட்டில். அதன் மேல்: 'ஸ்க்ரூ, சின்னது, 412.'

"எப்புடிப்பா இருக்கு?"

அவர் அந்தப் பாட்டிலைப் பார்த்தார். மகளின் சுருங்கி வெளுத்த விரல் நுனிகளைப் பார்த்தார்.

"ரொம்ப நல்லாருக்கும்மா" என்றார். ராத்திரி பிரியாணியில் பாதியை வைத்துவிட்டார் என்பதை ஞானசெல்வி குறித்துக்கொண்டாள்.

மறுநாள் முழுக்க அவர் அந்தப் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தார். ஸ்க்ரூக்கள் எல்லாம் ஒரே ஜாடை. போட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்கலாமே என்று தோன்றும். கூடாது. அந்த ஜப்பான் மெஷினின் புரி, அதாவது ஸ்க்ரூ திருகி ஏறும் வரி, வேறு. தப்பான ஸ்க்ரூ இரண்டு சுற்று சமர்த்தாக உள்ளே போய், மூன்றாவதில் புரியைத் தின்றுவிடும். புரி போனால் கேஸ் போச்சு. கேஸ் போனால் மெஷின் போச்சு. திருச்சியில் இரண்டு கடைக்குப் போன் போட்டார். "அந்த மாடலுக்குக் கேஸ் வர்றதே இல்லீங்க" என்றார்கள் இரண்டு பேரும். மதுரையில் கேட்ட கடைக்காரர் சிரித்தார்.

ஐந்தாம் தேதி காலையில் சின்னப்பிள்ளை வந்து நின்றாள்.

"மெஷினு ரெடியாண்ணே?"

"நாளைக்கு வா தங்கச்சி."

"முந்தாநேத்தும் நாளைக்குன்னுதான் சொல்லிட்டுப் போனீங்க. ஒங்க காலண்டர்ல இன்னைக்குங்கற தாளே இருக்காதாண்ணே? ஞாயித்துக்கெழமை ட்ரயலுக்கு நாலு கவுனு தாரேன்னு ஃபாதருகிட்ட சொல்லிப்புட்டேன். இல்லன்னா புதுக்கோட்டையில ரெடிமேட் எடுத்துக்குறோம்னுட்டாரு. துணி வெட்டியாச்சு. எனக்கு இத விட்டா பொங்கலு வரைக்கும் ஒண்ணுமில்ல, தெரியுமா?"

"தெரியும் தங்கச்சி."

"தெரிஞ்சா பூட்டிக் குடுங்க!"

சவரியப்பன் குரலைத் தாழ்த்தினார். "ஒரு ஸ்க்ரூ தேடணும்."

"தேடுங்க. இங்கிட்டுத்தான நிக்கிறேன்."

"நானூத்துப் பன்னெண்டுல தேடணும்."

கடையை ஒட்டிய வீட்டுக்குள் தட்டு கழுவும் சத்தம் நின்றது. ஜாஸ்பின் வாசலுக்கு வந்தாள். அவளுக்கு அந்த எண்ணிக்கை தெரியும்.

"அப்பா, அந்த ஸ்க்ரூ நான் பிரிக்கிறதுக்கு முன்னாடி தனியா இருந்துச்சா?"

அவர் பாட்டிலின் ஸ்டிக்கரை விரலால் தடவினார்.

"நேத்தே ஏம்பா சொல்லல?"

"நீ ஸ்டிக்கரு அம்புட்டு நேரா ஒட்டியிருந்தியேம்மா."

ஜாஸ்பின் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கடைக்குள் வந்தாள். அப்புறம் சூப்பர்வைசர் முகம் வந்துவிட்டது. குடோனில் ஒரு பார்சல் காணாமல் போனால் முதலில் அது எங்கே இருந்தது என்றுதான் கேட்பார்களாம்.

"எந்த டப்பாவுல போட்டீங்க?"

"கேரம் பவுடரு."

"எத்தனை இருந்துச்சு அதுல?"

"மூணு. இதோட சேத்து. மத்த கேரம் டப்பாவுல சின்ன ஸ்க்ரூவே கெடையாது."

அவர் காட்டிய டப்பாவில் இப்போது 'ஃபியூஸ் ஒயர்' என்று எழுதியிருந்தது. ஜாஸ்பின் அதைக் கையில் எடுத்து உள்ளே எட்டிப் பார்த்தாள். "இதைக் கழுவுறப்ப தண்ணி பால் மாதிரி போச்சுப்பா. அடியில அம்புட்டு பவுடரு."

சவரியப்பன் நிமிர்ந்தார். "டப்பாவைக் கழுவுன. ஸ்க்ரூவைக் கழுவுனியா?"

"இல்ல. கொட்டுனேன், பிரிச்சேன், போட்டேன்."

"நான் எண்ணெ விட்டுப் போட்டேம்மா. எண்ணெயும் பவுடரும் புரியில ஒட்டுனா லேசுல போவாது!"

சொல்லிக்கொண்டே ஸ்டூலைப் போட்டு ஏறி, பரணில் இருந்த கேரம் போர்டை இழுத்தார். நானூற்றுப் பன்னிரண்டையும் பரப்ப அதைவிட நல்ல இடம் ஏது. பாட்டிலைக் கவிழ்க்கப் போனவர் கையை ஜாஸ்பின் எட்டிப் பிடித்தாள்.

"அப்பா! போர்டு பூரா பவுடரு!"

இன்னும் அரை நொடி தாமதித்திருந்தால் நானூற்றுப் பன்னிரண்டும் கேரம் பவுடர் பரம்பரை ஆகியிருக்கும். சின்னப்பிள்ளை தலையில் கைவைத்துக்கொண்டு, "ஆத்தாடி, இவருகிட்டயா மெஷினக் குடுத்தேன்" என்றாள். பிறகு பையிலிருந்து கறுப்பு லைனிங் துணியை எடுத்துத் தரையில் விரித்தாள். "இதுல கொட்டுங்க. துணியில எண்ணெக் கறை வந்தா ஒங்க சட்டையக் கழட்டிருவேன்."

மூன்று பேரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்கள். சவரியப்பன் கண்ணில் வாட்சுக்காரர் பூதக்கண்ணாடி. ஜாஸ்பின் போன் வெளிச்சம் பிடித்தாள். ஒவ்வொன்றாக எடுத்து, புரியைப் பார்த்து, ஓரத்தில் வைத்தார். சூசைராஜ் டீ கொண்டுவந்தவர், திரும்பிப் போக மனமில்லாமல் நின்றார். நூற்று எண்பத்தாறாவதில் முதல் வெள்ளை. புரியின் பள்ளத்தில் மாவு மாதிரி ஒரு கோடு. இருநூற்றுச் சொச்சத்தில் இரண்டாவது. இரண்டும் உருண்டைத் தலை. "இதுக ரெண்டும் இல்ல" என்றார். அதன்பிறகு வெகுநேரம் எல்லாம் கறுப்பாகவே வந்தது. முந்நூற்று எழுபதைத் தாண்டியபோது ஒன்றை வெளிச்சத்தில் பிடித்தவர் கீழே வைக்கவில்லை. தட்டைத் தலை. புரி முழுக்க வெள்ளை.

மிச்சத்தையும் பார்த்து முடித்தார்கள். வேறு வெள்ளை இல்லை.

தகட்டை வைத்தார். ஸ்க்ரூவை வைத்தார். ஒரு சுற்று. இரண்டு சுற்று. மூன்றாவதில் நிறுத்தி மூச்சு விட்டார், சூசைராஜும் விட்டார். திருகினார். வெண்ணெயில் போகிற மாதிரி போய் உட்கார்ந்தது. கேஸை மாட்டி, நூலைக் கோத்து, அந்த லைனிங் துணியின் ஓரத்திலேயே ஒரு கோடு ஓட்டினார். சின்னப்பிள்ளை துணியைப் பிடுங்கி, மேலே பார்த்து, திருப்பிப் பார்த்து, தையலை நகத்தால் கீறிப் பார்த்தாள்.

"பரவால்லண்ணே" என்றாள். அவள் வாயிலிருந்து வரக்கூடிய பட்டங்களில் அதுவே உயர்ந்தது. மெஷினை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

ஜாஸ்பின் தரையில் இருந்ததைப் பாட்டிலில் அள்ளிப்போட்டுக்கொண்டே கேட்டாள், "உண்மையச் சொல்லுங்கப்பா. நீங்க கேரம் ஆடுனது ஆட்டத்துக்கா, டப்பாவுக்கா?"

சூசைராஜ் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் காதைக் கொடுத்தார். பின்சந்தின் பல வருட நிலுவை.

"ரெண்டு டப்பா தீர்ற வரைக்கும் ஆட்டத்துக்குத்தாம்மா" என்றார் சவரியப்பன்.

ஞாயிற்றுக்கிழமை திருச்சிக்குப் பஸ் ஏறுவதற்குள் ஜாஸ்பின் எல்லா ஸ்டிக்கரையும் மறுபடி அச்சடித்து ஒட்டினாள். உரித்த லேபிள்களில் எது எந்த டப்பா என்று அவர் வாயால் சொல்லச் சொல்ல இவள் எழுதினாள். சாமானும் பழைய இடத்துக்குப் போனது. இப்போது ஒவ்வொரு டப்பாவிலும் இரண்டு வரி. 'மோட்டார் வாஷர். பூர்வீகம்: மீன் தீனி.' 'சுவிட்ச் ஸ்பிரிங். பூர்வீகம்: பிலிம் ரோல்.' 'தையல் மெஷின் ஸ்க்ரூ. பூர்வீகம்: கேரம் பவுடர்.' பெண் பார்க்க வந்தவர்கள் விசாரிப்பதுபோல வாடிக்கையாளர்கள் நின்று வாசித்துவிட்டுப் போகிறார்கள்.

நாடகம் முடிந்த இரண்டாம் நாள் சின்னப்பிள்ளை ஒரு பையோடு வந்தாள். பத்தொன்பது கவுனும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. ஒரு சம்மனசு மேடையில் அழுததற்குத் தையல் காரணமில்லை. பையில் பத்தொன்பது குட்டி பிளாஸ்டிக் டப்பா. றெக்கைக்கு ஒட்டிய ஜிகினா அடைத்து வந்தவை. திருகு மூடி, உள்ளே இன்னும் மினுமினுப்பு.

"தூக்கிப் போட மனசு வரலண்ணே. ஒங்க நெனப்புத்தான் வந்துச்சு."

சவரியப்பன் ஒன்றை எடுத்தார். மூடியைத் திறந்தார், மூடினார், காதருகே வைத்து ஆட்டினார். தரையில் சிதறிக் கிடந்த ஃபேன் சாமான்களைப் பார்த்தார். பல வருடமாக வரன் அமையாமல் கிடந்தவை.

"இதுக்கும் றெக்கதான" என்றார் மெதுவாக.

கிறிஸ்துமஸுக்கு வந்திருந்த ஜாஸ்பின் அதற்குள் ஸ்டிக்கர் தாளை எடுத்துவிட்டாள். 'ஃபேன் வாஷர்' என்று எழுதினாள். கீழே, 'பூர்வீகம்: சம்மனசு.'