கார் வந்து நிற்கும் நேரம்

குற்றாலத்தில் சீசன் முடிந்தும் அந்த வீடியோ கேம் கடையை மூடவில்லை. தென்காசிப் பள்ளிக்கூடத்துக்கென்று அச்சன்புதூரில் பஸ் ஏறிய பரீது தினமும் அந்தக் கடை வாசலில் போய் இறங்கினான். துபாயிலிருந்து லீவில் வந்த அவன் வாப்பா கிதிர் முகம்மதுக்கு விஷயம் தெரிந்ததும் ரத்தம் கொதித்தது. "பிள்ளையளைக் கெடுக்குத கடையை இழுத்துப் பூட்டாம பிளேன் ஏற மாட்டேன்" என்று லீவை நீட்டி வழக்குப் போட்டார்.

விசாரணையில் கடைக்காரரின் வக்கீல் பரீதிடம் தன்மையாகக் கேட்டார்.

"இந்த விளையாட்டை மொதல்ல பழக்குனது யாரு தம்பி? கடைக்காரரா?"

"இல்ல, எங்க வாப்பா. கையில வச்சு விளையாடுத மிஷின் துபாயிலருந்து கொண்டாந்தாவ."

"வந்ததும் குடுத்தாங்களா?"

"போகும்போதுதான் குடுப்பாவ. வாசல்ல கார் வந்து நிக்கும்போது புதுசா ஒண்ணு தருவாவ. நான் விளையாடி முடிச்சு நிமிந்து பாத்தா வாப்பா இருக்க மாட்டாவ."

பிள்ளை அழுதால் தன் கால் நகராது என்று கிதிர் முகம்மதே கண்டுபிடித்த வழி அது. துபாய் ரூமில் அதைச் சொல்லிப் பீற்றிக்கொள்ளவும் செய்தார். கேட்டவர்களும் தங்கள் பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று வாங்கிப் போனார்கள்.

எழுந்து நீதிபதியைப் பார்த்துக் கைகூப்பினார். "கேஸை வாபஸ் வாங்கிக்கிடுதேன் அய்யா."

வெளியே வந்ததும் பரீது கேட்டான்: "கேஸ் முடிஞ்சிட்டுல்லா வாப்பா, கார் எப்பம் வரும்?"

அவன் கண் வாப்பாவின் முகத்தில் இல்லை. அவர் கையில் இருந்த பையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.