நசார் நானாவின் ஆட்காட்டி

யுத்த காலத்தில் திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய ஒரு சிறிய ஹோட்டலில் சனிக்கிழமை பின்னேரங்களில் கீபோர்ட் வாசித்தேன். மற்ற நாட்களில் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுப்பேன். ஒரு சனிக்கிழமை, பாட்டின் நடுவில், பார்மன் வந்து என் காதுக்குள் சொன்னான்:

“ரீச்சர், நசார் நானாவை ஆமிக்காரர் பிடிச்சுக்கொண்டு போயிட்டாங்கள்.”

நசார் நானா கிண்ணியாவிலிருந்து எங்களுக்கு அன்னாசியும் தேங்காயும் கொண்டுவருபவர். எங்கள் இசைக்குழுவின் குருவியும் அவர்தான். அது எப்படி என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

1. டிக்கி

எங்கள் மனேஜர் முன்பு பயணிகள் கப்பலில் வேலை செய்தவர். “டிக்கி பார் ஒண்டு போடப்போறன்” என்றார்.

“கார் டிக்கியோ சேர்?” என்று கேட்டேன்.

“இல்லை ரீச்சர். பசிபிக் தீவுப் பக்கத்துச் சிலை. அந்தச் சிலையை வைச்சு, சுவருக்கு மூங்கில் அடிச்சு, றம்மை அன்னாசிச் சாறோட சிரட்டையில குடுப்பினம். வெளிநாட்டில சனம் வரிசையில நிக்குது.”

ஊரடங்கு வருமுன் பாரை மூடவேண்டும். அதனால் யன்னல்களைப் பாயால் மறைத்து, நாலு மணிக்கே உள்ளே இரவாக்கினோம். நிவாரண வேலைக்கு வந்த வெளிநாட்டவர்களும் கப்பல் எஞ்சினியர்களும் வந்தார்கள். இப்படியான பாருக்கென்று ஓர் இசை உண்டு. மெதுவாகப் போகும், இடையிடையே குருவி கூவும், தவளை கத்தும். மனேஜர் கசற்றைப் போட்டுக்காட்டியபோது நசார் நானா அன்னாசி இறக்கிக்கொண்டிருந்தார்.

“தொண்டை கட்டின குருவி போல கிடக்கே” என்று சொல்லிவிட்டு அவர் ஓர் ஆந்தையை அலறவிட்டார். குசினியில் யாரோ பாத்திரத்தைப் போட்டுடைத்தார்கள். மனேஜர் அந்த இடத்திலேயே அவரை வேலைக்கு எடுத்தார்.

நானா ஒரு நிபந்தனை வைத்தார். “குடிக்கிற இடத்துக்குள்ள நான் வரமாட்டன். யன்னலுக்கு வெளிய நிண்டு கூவுறன்.”

யன்னலுக்கு வெளியே கடல். கரையோடு கொஞ்சம் தள்ளி ஆமியின் காவலரண்.

2. விசாரணை

பிடிபட்ட அந்தச் சனிக்கிழமை அவர் ஆட்காட்டியைப் புதிதாகச் சேர்த்திருந்தார். ஆள் நடமாட்டம் கண்டால் கத்துகிற குருவி அது. கரையில் ஆட்காட்டி கத்தினால் காவலுக்கு நிற்பவன் சும்மா இருப்பானா? ஓடிவந்தவர்களுக்கு யன்னலோரத்து மரத்தின் கீழ் நின்ற நானாதான் அகப்பட்டார்.

மனேஜரும் நானும் முகாமுக்குப் போனோம். நானா ஒரு மர வாங்கில் உட்கார்ந்திருந்தார், முகத்தில் ஈயாடவில்லை. அதிகாரி அரைகுறைத் தமிழில் என்னிடம் கேட்டார்.

“இவர் யாருக்கு சிக்னல் குடுத்தது?”

“சிக்னல் இல்லை சேர். எங்கட பாட்டுக்குக் குருவிச் சத்தம் போடுறவர்.”

“அப்ப போடச் சொல்லுங்க.”

நானா வாயைக் குவித்தார். காற்றுத்தான் வந்தது. தண்ணீர் கொடுத்தார்கள். மறுபடியும் காற்று. “வாய் காய்ஞ்சு போச்சு ரீச்சர், ஏலாது” என்று என்னைப் பார்த்தார். அதிகாரியின் முகம் இறுகியது.

என்ன செய்வதென்று தெரியாமல் மேசையில் விரலால் தாளம் போட்டு, நாங்கள் வாசிக்கும் மெட்டை முனகத் தொடங்கினேன். மனேஜர் மேசையின் மறுபக்கத்தில் கொங்கோ மேளம்போலத் தட்டினார். வழக்கமாக நானா கூவும் இடம் வந்ததும் நான் நிறுத்தினேன். பழக்கம்தான் காப்பாற்றியது. நானா கண்ணை மூடிக்கொண்டு ஆட்காட்டியாகக் கத்தினார்.

வெளியே சப்பாத்துச் சத்தம் தடதடவென்று கேட்டது. இரண்டு சிப்பாய்கள் துவக்கோடு வாசலில் வந்து நின்றார்கள். அதிகாரி அவர்களைப் பார்த்தார், நானாவைப் பார்த்தார், பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். தேத்தண்ணி வந்தது. தவளையும் போடச் சொல்லிக் கேட்டார்.

“இனி இவர் உள்ளுக்கு நிண்டு செய்யவேணும்” என்றார்.

நானா கிளாசைக் கீழே வைத்தார். “மன்னிக்கோணும் சேர். பாருக்குள்ள போகமாட்டன். வேணுமெண்டா இந்த வேலையை விடுறன்.”

சற்றுமுன் வாய் காய்ந்துபோயிருந்த மனிதர் இதைச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதிகாரி கொஞ்சம் யோசித்தார். “சரி. அப்ப எந்தக் குருவி, எப்ப எண்டு முதலே போன் பண்ணிச் சொல்லவேணும்.”

3. டெலிபோன்

அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் பாட்டுத் தொடங்குமுன் காவலரணுக்கு அறிவிப்பது என் வேலையானது. “தம்பி, முதல் பாட்டில ஆந்தை. ரெண்டாவதில தவளை. கடைசியில ஆட்காட்டி.” மறுமுனையில் ஓர் இளம் குரல் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லி, “சரி மிஸ்” என்று வைக்கும்.

ஒருமுறை நானாவுக்குக் காய்ச்சல். குருவியில்லாமலே வாசித்தோம். உள்ளே இருந்தவர்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. கைதட்டிவிட்டு அடுத்த சிரட்டைக்குச் சொன்னார்கள். கீபோர்டை மூடும்போது டெலிபோன் அடித்தது.

“மிஸ், இண்டைக்குக் குருவி இல்லையா? ஐயாவுக்குச் சுகமில்லையா?”

காய்ச்சல் என்றேன். “கொத்தமல்லி அவிச்சுக் குடிக்கச் சொல்லுங்க” என்றது குரல்.

மேடையில் வாசிக்க வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: உங்களைக் கேட்பவர்கள் எல்லாரும் உள்ளே கதிரையில்தான் இருக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள்.