மானிட்டரில் பழுதில்லை

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்சம் மெதுவாக ஓடும், அவ்வளவுதான். நானும்தான் மெதுவாக ஓடுகிறேன், என்னை யாரும் கழற்றிப் பார்ப்பதில்லை. ஆனால் என் வீட்டுக்காரருக்கு மெதுவாக ஓடும் எதைக் கண்டாலும் கை அரிக்கும். செகந்திராபாத் தாண்டி, குஷாய்குடா பக்கம் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் டெஸ்டிங் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது அவருடைய அடையாள அட்டை மட்டும்தான், ஸ்க்ரூ டிரைவர் பெறவில்லை.

இருந்தாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். அவர் அந்த மெஷினைத் திறந்தது எனக்காகத்தான். எனக்கு இடது கண்ணில் நடுப்பார்வை போய்விட்டது. ஓரங்கள் தெரியும், எதைப் பார்க்கிறேனோ அது மட்டும் தெரியாது. எதிரில் வருகிறவரின் காது தெரியும், மூக்கு தெரியாது. விழித்திரை தேய்ந்துகொண்டே போகிற வகை, இதற்கு ஊசியும் இல்லை ஆபரேஷனும் இல்லை என்று டாக்டரம்மா சொன்னார். வலது கண் இப்போதைக்கு நன்றாக இருக்கிறதாம், அதுவும் இப்படி ஆகலாமாம். எப்போது என்று கேட்டேன். அதை யாராலும் சொல்ல முடியாது என்றார். அவர் சொன்னதில் ‘இப்போதைக்கு’ என்ற சொல் மட்டும் என்னோடு ஆட்டோவில் ஏறி வீடுவரை வந்தது.

படிக்காமல் இருக்க எனக்குத் தெரியாது. கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து இந்த ஊருக்கு வந்தபோது பெட்டியில் புடவையைவிடப் புத்தகம்தான் அதிகம். புத்தகத்து எழுத்து எட்டாமல் போனபிறகு, பழைய நாவல்களின் ஸ்கேன் பிரதிகளைக் கம்ப்யூட்டரில் போட்டு, எழுத்தைப் பெரிதாக்கி வலது கண்ணால் படித்தேன். பக்கத்தைப் புரட்டினால் அடுத்த பக்கம் வர அது யோசித்துக்கொண்டே இருக்கும். நான் பொறுத்துக்கொண்டேன். இருக்கிற ஒரு கண்ணில் படித்து முடிக்க வேண்டியது எவ்வளவோ கிடக்கிறது என்று எனக்கு உள்ளுக்குள் அவசரம்தான், ஆனாலும் பொறுத்துக்கொண்டேன். அவர் பொறுக்கவில்லை.

“கைக்கு இந்த அவஸ்தை? எல்லாத்தையும் புதுசா மாத்திடறேன், பாரு” என்றார். ‘கைக்கு’ என்றால் ஏன், இந்த ஊர் உருது அது.

மெமரி வந்தது, புது டிஸ்க் வந்தது, கிராஃபிக்ஸ் கார்டு என்று விசிறி வைத்த பட்டை ஒன்று வந்தது. கல்யாண வீட்டு ஜமக்காளம் அகலத்துக்கு ஒரு மானிட்டரும் வந்தது. முதல் நாள் பக்கங்கள் பறந்தன. அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பின்னால் நின்றார். பெண்ணைக் கட்டிக்கொடுத்த அன்றைக்குக்கூட அப்படி நிமிர்ந்து நிற்கவில்லை.

மறுநாள் தொடங்கியது வினை. கதாநாயகி கதவைத் திறக்கப் போவாள், திரை கறுத்துவிடும். மெஷின் தானாக அணைந்து தானாக எழுந்து, கீச்சென்று ஒரு சத்தம் போடும். திரும்பவும் பக்கத்தைத் தேடிப் பிடித்தால் அவள் திரும்பவும் கதவருகே வருவாள், திரும்பவும் கறுக்கும். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை என்றேன். அவர் காதில் விழவில்லை, தலை கேபினட்டுக்குள் இருந்தது.

அவர்கள் டெஸ்டிங் பிரிவில் ஒரு முறை உண்டு. கடைசியாக எதை மாற்றினோமோ அதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அதைக் கழற்றிவிட்டு, நல்லது என்று தெரிந்த ஒன்றைப் போட்டுப் பார்க்க வேண்டும். வீட்டிலும் அதே சட்டம்தான். ரசம் சரியில்லை என்றால் ரசத்தைக் குறை சொல்ல மாட்டார், “புளி மாத்தினியா?” என்பார். இப்போது சாப்பாட்டு மேஜை முழுக்கக் கம்ப்யூட்டரின் குடல் பரவிக் கிடந்தது. மெமரியைப் பிடுங்கி அதன் பித்தளைப் பல்லைப் பென்சில் ரப்பரால் தேய்த்தார், திரும்பச் சொருகினார். நாங்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டோம்.

அந்த நாட்களில்தான் நான் சொன்னேன். “எழுத்து நெளியுதுங்க.”

அவர் முகம் மலர்ந்தது. டெஸ்டிங் ஆளுக்கு இன்னொரு கோளாறு கிடைப்பது விருந்து மாதிரி. “எங்க? மூலைலயா, நடுவுலயா?”

“நடுவுல. தண்ணிக்குள்ள கிடக்கிற மாதிரி.”

குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், போட்டுப் பார்த்தார். “எனக்குத் தெரியல. ஆனா எனக்கு எப்படித் தெரியும்? தமிழ் எழுத்து எனக்கு எப்பவுமே நெளிஞ்சுதான் இருக்கு.”

அது வேடிக்கைக்குச் சொன்னது இல்லை. அவர் இங்கேயே மௌலா அலி ரயில்வே காலனியில் பிறந்தவர். வடஆற்காட்டிலிருந்து வொர்க்‌ஷாப் வேலைக்கு வந்த குடும்பம், தமிழ் வாயில் மட்டும் தங்கியது. பள்ளிக்கூடம் தெலுங்கு, தெருவில் உருது, வேலையில் இங்கிலீஷ். எங்கள் பெண்ணும் அப்படியே. நான் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்வாள். சின்னதில் உட்காரவைத்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தேன், அழுது எழுந்து ஓடிவிட்டாள். நானும் விட்டுவிட்டேன். வீட்டில் தமிழ் எழுத்துக்கு நான் ஒருத்தி போதும் என்று இருந்துவிட்டோம்.

அதனால் அவர் தம் கண்ணை நம்பாமல் என் கண்ணை நம்பினார்.

மெஷின் அணைந்து எழுவதற்குக் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். புதுக் கார்டு தின்கிற கரண்டைப் பழைய பவர் சப்ளையால் கொடுக்க முடியவில்லை. பெரிதாக ஒன்று வாங்கி வைத்ததும் அந்தப் பேயாட்டம் நின்றது. கதாநாயகி ஒருவழியாகக் கதவைத் திறந்தாள். ஆனால் அவள் திறந்த வரி நடுவில் பள்ளம் விழுந்து கிடந்தது.

“இப்ப?” என்பார். “நெளியுது” என்பேன். கேபிளை மாற்றினார். “இப்ப?” நெளியுது. கார்டைக் கழற்றினார். நெளியுது. பரணிலிருந்து பழைய மானிட்டரை இறக்கித் தூசி தட்டி மாட்டினார். அதிலும் நெளிந்தது. “அதெப்படி? இது நல்ல மானிட்டராச்சே” என்று அதன் முதுகைத் தட்டிக்கொண்டு நின்றார். நான் கையைப் பிசைந்துகொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை என்று சொன்னால் பொய். தோன்றியதைத் தோன்றவிடாமல் அமுக்கிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் புது மானிட்டரைத் தூக்கிக்கொண்டு செகந்திராபாத் கடைக்குப் போனோம். என்னையும் கூட்டிப்போனார், கோளாறு என் ஒருத்திக்குத்தானே தெரியும். கடைக்காரர் அதை மாட்டிக் கட்டம் கட்டமாகக் கோடு போட்ட படம் ஒன்றைக் காட்டினார். “தேகோ மேடம், ஏக்தம் சீதா. கைக்கு பரேஷான் ஹோரே?” என்றார், எல்லாம் நேர்தானே, எதற்குக் கவலை என்று.

நடுக்கோடு உள்வாங்கி வளைந்திருந்தது. கடைக்காரர் பின்னால் சுவர் முழுக்க வரிசையாக மானிட்டர்கள், எல்லாவற்றிலும் ஏதோ ஒரு கட்டிடத்தின் படம். முதல் மானிட்டரைப் பார்த்தேன், தூண் வளைந்தது. அடுத்ததைப் பார்த்தேன், அங்கே வளைந்தது, முதலாவது நேராகிவிட்டது. நான் பார்க்கிற இடம் மட்டும் வளைந்தது. அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

“என்ன, சரியா இருக்கா?” என்று இவர் கேட்டார்.

“சரியாத்தான் இருக்கு” என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? பழி மானிட்டர் மேல் இருக்கிறவரை எனக்கு ஒரு கண் இருந்தது.

அவருக்கோ மகிழ்ச்சி. கடையில் சரி, வீட்டில் கோளாறு என்றால் குற்றம் வீட்டுக் கரண்டில்தான். எர்த் சரியில்லை என்று முடிவு கட்டினார். மறுநாள் வெயிலில் காம்பவுண்டு ஓரம் எர்த் குழியைத் தோண்டி, உப்பும் அடுப்புக்கரியும் கொட்டி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். பனியன் நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. வயதான மனுஷன், சர்க்கரை வேறு. வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

“போதும், விடுங்க. மண்ணுல ஒண்ணும் இல்ல.”

“நக்கோ, விட முடியாது. இன்னும் ரெண்டு குடம் ஊத்தினா சரியாயிடும்.”

“சொல்லுதேன்லா. மானிட்டர்லயும் ஒண்ணும் இல்ல. நம்ம கேட்டுக் கம்பியும் எனக்கு வளைஞ்சுதான் தெரியுது.”

அவர் குடத்தைக் கீழே வைத்தார். கேட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கேட்டருகே போய், சேறு படிந்த கையால் ஒரு கம்பியைப் பிடித்து மேலிருந்து கீழ்வரை தடவினார். அடுத்த கம்பியையும் தடவினார். நேராகத்தான் இருந்திருக்கும். திரும்பி வந்து என் பக்கத்தில் படியில் உட்கார்ந்துகொண்டார்.

அன்று சாயங்காலமே டாக்டரிடம் போனோம். டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்துவிட்டு, முன்பு இடது கண்ணுக்குச் சொன்னதையே வலது கண்ணுக்கும் சொன்னார். முன்னாலேயே வந்திருந்தாலும் இதேதான் என்றார். நாளாக ஆக அந்த வளைவு இருந்த இடத்தில் ஒரு சாம்பல் திட்டு வந்து உட்கார்ந்தது. இப்போது இதையெல்லாம் நான் பேசப் பேசக் கைப்பேசி எழுதிக்கொள்கிறது. பெண் போனில், “ஆடியோ புக் வினொச்சு கதா, மம்மீ” என்றாள், காதால் கேட்கலாமே என்று. கேட்டுப் பார்த்தேன். யாரோ ஒருவர் தம் அவசரத்தில் எனக்குக் கதை சொன்னார். கோபம் கோபமாக வந்தது. அணைக்கச் சொல்லிவிட்டேன்.

கம்ப்யூட்டர் மட்டும் இன்று வரை ஜோராக ஓடுகிறது. கறுப்பதில்லை, கீச்சிடுவதில்லை. ஒரு மத்தியானம் அவர் அதைப் போட்டு, எனக்கும் தமக்கும் நாற்காலி இழுத்துப்போட்டார். நான் விட்ட நாவலைத் திறந்தார்.

“நான் படிக்கிறேன். நீ எழுத்து மட்டும் சொல்லு” என்றவர் திரையில் விரலை வைத்தார். “இது இன்னா எழுத்து?”

“எது?”

“இதான், என் விரல் இருக்கிற இடம்.”

அவர் விரல் இருந்த இடத்தில்தான் எனக்கு ஒன்றும் இல்லை. அவர் மணிக்கட்டுக் கடிகாரம் தெரிந்தது, மானிட்டரின் விளிம்பு தெரிந்தது. ‘எனக்கு அது தெரியாதே’ என்று சொல்ல வாய் வரவில்லை.

“எப்படி இருக்குன்னு சொல்லுங்க” என்றேன்.

அவர் மூக்கு திரையில் இடிக்கிற அளவு குனிந்தார். “ஒரு கோடு கீழ இறங்குது. அப்படியே பக்கத்துல போய் மேல ஏறுது. மூடி இல்லாத டப்பா.”

“அது ‘ப’.”

“ஹவ், ஆமா, ப” என்றார். விரல் நகர்ந்தது. “அடுத்தது கஷ்டம். நடுவுல ஒரு கோடு, இடது பக்கம் ஒரு சுழி, வலது பக்கம் ஒரு வளைவு… இரு, மேல புள்ளியும் இருக்கு போல. இல்ல, அது தூசி.”

இருட்டும்வரை உட்கார்ந்திருந்தோம், ஒரு வரியைத் தாண்டவில்லை. அவர் சொன்ன கோடுகளையும் சுழிகளையும் வைத்து நான் ஒரு வாக்கியம் கட்டினேன். நல்ல வாக்கியமாகத்தான் இருந்தது. அங்கே எழுதியிருப்பது அதுதானா என்று பார்த்துச் சொல்ல எங்கள் வீட்டில் ஆள் இல்லை.